ஜீற்றரின் கையுறையும் எட்டாமல் போன பந்துகளும்

முதலில் அந்தக் காட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஏனெண்டால் இந்தச் சண்டை அதிலதான் தொடங்கினது.

2001 ஒக்டோபர் 13. ஓக்லண்ட் மைதானம். அமெரிக்கன் லீக் பிரிவுத் தொடரின் மூன்றாவது போட்டி. நியூயோர்க் யாங்கீஸ் முதல் இரண்டு போட்டிகளையும் தோற்றுவிட்டது. இன்னொன்று தோற்றால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். ஏழாவது இனிங்ஸில் யாங்கீஸ் 1, ஓக்லண்ட் 0. முதலாம் பேஸில் ஜெரமி ஜியாம்பி நிற்கிறார். டெரன்ஸ் லோங் அடித்த பந்து வலதுபக்க மூலைக்கு ஓடுகிறது. ஜியாம்பி இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் எல்லாம் தாண்டி ஹோமுக்கு ஓடி வருகிறார். மூலையிலிருந்து ஷேன் ஸ்பென்சர் எறிந்த பந்து, இடையில் நின்று வாங்கவேண்டிய இரண்டு பேரையும் தாண்டிப் போய்விட்டது. சமநிலைதான் எண்டு எல்லாரும் நினைக்கிற நேரம், மைதானத்தின் மற்றப் பக்கத்தில் நிற்கவேண்டிய ஒருத்தர் குறுக்கால வெட்டி ஓடி வருகிறார். ஆளில்லாமல் வந்த பந்தை எடுத்து, ஓடுகிற ஓட்டத்திலேயே கட்சர் ஜோர்ஜ் பொசாடாவுக்குப் பின்கையால் தட்டிவிடுகிறார். பொசாடா ஜியாம்பியின் காலில் தொடுகிறார். அவுட். யாங்கீஸ் அந்தப் போட்டியை 1-0 என்று வென்று, பிறகு தொடரையும் 3-2 என்று வென்றது.

அந்த ஒருத்தர்தான் டெரெக் ஜீற்றர்.

இந்த வீடியோவை எனக்கு அனுப்பினது ரொறன்ரோவில் இருக்கிற பெரியம்மாவின் மகன். அங்க எங்கட சொந்தக்காரர் எல்லாரும் புளூ ஜேய்ஸ் இரசிகர்கள். அண்ணா மட்டும் சின்ன வயசிலிருந்தே யாங்கீஸ். அதுக்கு முழுக் காரணமும் ஜீற்றர். பேஸ்போல் என்றால் கிரிக்கெட்டின் அவசரப்பதிப்பு எண்டு நினைச்சுக்கொண்டிருந்த எனக்கு வட்ஸ்அப்பிலேயே விதிகளைப் படிப்பித்தவரும் அவர்தான். அவர் அனுப்பின வீடியோக்களைப் பார்த்து நானும் ஜீற்றர் இரசிகை ஆனேன். பிறகு கம்பஸ் விடுமுறையில் கொஞ்சம் ஆழமாகத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க ஒரு சங்கடம் வந்தது. ஒருநாள் கேட்டே விட்டேன்: “அண்ணா, ஜீற்றர் உண்மையா நல்ல களத்தடுப்பாளரா?”

பதில் இப்படி வந்தது: “பிள்ளை, நீ பேஸ்போல் பாக்கத் தொடங்கி ஒரு வருசம் ஆகேல்லை. நான் இருபது வருசம் பாத்தனான்.”

இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கு என் பதில். சுருக்கமாகச் சொன்னால், ஜீற்றர் மாபெரும் வீரர், ஆனால் அவருடைய களத்தடுப்பு அளவுக்கு மிஞ்சிப் புகழப்பட்டது. இருபது வருசம் பார்த்தவருக்கு அது தெரியாமல் போனதற்கும் ஒரு காரணம் இருக்கிறது.

முதலில் அவருடைய பெருமையில் கைவைக்காமல் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். 1995 முதல் 2014 வரை 20 பருவங்கள், ஒரே அணி. 3,465 ஹிட்டுகள். ஐந்து உலகத் தொடர் வெற்றிகள். 2003 இலிருந்து அணித்தலைவர். 2020 இல் ஹோல் ஒஃப் ஃபேமுக்கு வாக்களித்த 397 பேரில் 396 பேர் அவருக்கு ஆம் என்றார்கள். துடுப்பாட்டத்தைப் பற்றி இங்கே விவாதமே இல்லை. அடுத்த சுற்றுப் போட்டிகள் வந்தாலும் கை நடுங்காத ஆள். இந்த வழக்கு அவருடைய இடது கையில் இருந்த கையுறையைப் பற்றி மட்டும்தான்.

ஷோர்ட்ஸ்டொப் என்பது இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் இடையில் நிற்கிற இடம். வலதுகைத் துடுப்பாட்டக்காரர் இழுத்து அடிக்கிற தரைப்பந்துகள் அந்தப் பக்கம்தான் அதிகம் வரும். எங்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால், பொயின்ற்றில் ஜொன்டி ரோட்ஸ் நின்றபோது அந்த இடத்துக்கு இருந்த மரியாதை இங்கே ஷோர்ட்ஸ்டொப்புக்கு எப்போதும் இருக்கிறது. ஆனால் இங்கே பந்தை மறித்தால் மட்டும் காணாது. அடித்தவர் முதலாம் பேஸுக்கு 90 அடி ஓடி முடிக்க முதல் பந்து அங்கே போய்ச் சேரவேண்டும். எல்லாத்துக்கும் சேர்த்து நாலு செக்கன் சொச்சம்தான். அரை அடி பிந்தினாலும் அவ்வளவுதான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். பேஸ்போலில் களத்தடுப்பை அளக்கப் பரம்பரையாக இருந்த அளவுகோல் எரர், அதாவது தவறு. சாதாரண முயற்சியில் முடித்திருக்கக்கூடிய ஒரு பந்தைத் தவறவிட்டால் அல்லது பிழையாக எறிந்தால் கணக்கெடுப்பவர் எரர் என்று போடுவார். எத்தனை வாய்ப்புகளில் எத்தனை தவறாமல் முடித்தார் என்பதுதான் களத்தடுப்புச் சதவீதம். ஜீற்றரின் வாழ்நாள் சதவீதம் .976. 2010 இல் அவர் விட்டது வெறும் 6 எரர்கள். பார்க்க அருமையாகத்தானே இருக்கு?

ஆனால் ஒரு பந்து உங்களுக்கு எட்டவே இல்லை என்றால்? அது எரர் இல்லை. அது ஹிட். அடித்தவருக்குப் பாராட்டு, எறிந்தவருக்குப் பழி. ஷோர்ட்ஸ்டொப்பின் கணக்கில் ஒன்றுமே ஏறாது. வேகமான ஒருத்தர் ஓடிப்போய்க் கையை வைத்து அவசரத்தில் பிழையாக எறிந்தால் அவருக்கு எரர் விழ வாய்ப்பிருக்கு. மெதுவான ஒருத்தர் அதே பந்துக்குப் பாய்ந்து, புழுதியில் விழுந்து, பந்து இரண்டடி தள்ளிப் போவதைப் பார்த்தால் அவருடைய பதிவேடு சுத்தம். பரீட்சையில் தெரியாத கேள்வியைத் தொடாமலே விட்ட பிள்ளைக்குப் பிழை இல்லை எண்டு நூற்றுக்கு நூறு போடுகிற மாதிரி.

ஜீற்றரின் பிரச்சினை இதுதான். அவர் தொட்ட பந்தை நன்றாகவே முடிப்பார். தொடாமல் போனவைதான் அதிகம், அதிலும் இரண்டாம் பேஸ் பக்கம், நடுவால் போகிற தரைப்பந்துகள். நேர்முக வர்ணனையில் பாய்ந்து விழுந்த ஜீற்றரைத் தாண்டிப் பந்து போனதென்று சொல்கிற ஆங்கில வரி எவ்வளவு அடிக்கடி வந்ததென்றால், எதிரணி இரசிகர்கள் அதைச் சேர்த்து உச்சரித்து ‘பாஸ்ற்றா டைவிங் ஜீற்றர்’ எண்டு பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அண்ணாவுக்கு இந்தப் பகிடி சுத்தமாகப் பிடிக்காது.

சரி, எட்டாத பந்தை எப்படி எண்ணுவது? இங்கேதான் பில் ஜேம்ஸ், ஜோன் டூவன் போன்றவர்கள் வருகிறார்கள். வழி சிக்கலானதல்ல. ஒவ்வொரு போட்டியின் வீடியோவையும் ஆட்கள் இருந்து பார்த்து, ஒவ்வொரு பந்தும் எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் போனதென்று பதிவார்கள். அதே மாதிரியான பந்தை மற்ற ஷோர்ட்ஸ்டொப்கள் எத்தனை தடவை அவுட் ஆக்கினார்கள் என்று பார்ப்பார்கள். நூற்றுக்கு முப்பது தடவைதான் முடிகிற பந்தை நீங்கள் முடித்தால் உங்களுக்கு 0.7 புள்ளி கூடும். முடிக்காவிட்டால் 0.3 குறையும். பருவ முடிவில் எல்லாத்தையும் கூட்டினால் சராசரி ஆளைவிட எத்தனை பந்து அதிகம் அல்லது குறைவு என்று வரும்.

2006 இல் வந்த ‘ஃபீல்டிங் பைபிள்’ என்ற நூலில் பில் ஜேம்ஸ் ஜீற்றரையும் ஹியூஸ்டன் அஸ்ட்ரோஸ் ஷோர்ட்ஸ்டொப் அடம் எவரெட்டையும் ஒப்பிட்டு எழுதினார். 2005 பருவத்தில் எவரெட் சராசரியைவிட 30 க்கும் மேற்பட்ட பந்துகள் அதிகமாக முடித்திருந்தார். ஜீற்றர் சராசரியைவிட 30 க்கும் மேற்பட்ட பந்துகள் குறைவு. இந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த விஷயம், ஜேம்ஸ் எண்களை உடனே நம்பவில்லை. கணக்கு பிழைத்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, இருவரின் மிகச்சிறந்த 20, மிகமோசமான 20 என்று மொத்தம் 80 பந்துகளை வீடியோவில் பார்த்தார். வேறு கணக்குமுறைகளையும் போட்டுப் பார்த்தார். எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டின.

இப்ப ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு பருவத்தில் 162 போட்டிகள். 30 பந்துகள் குறைவு என்றால் கிட்டத்தட்ட ஐந்து போட்டிக்கு ஒரு பந்து. அண்ணா, இதுக்குத்தான் உங்களுக்குத் தெரியேல்லை! ஐந்து நாளில் ஒருநாள், ஒரேயொரு தரைப்பந்து, வேறொரு ஷோர்ட்ஸ்டொப் நின்றிருந்தால் பிடித்திருக்கக்கூடியது, வெளித்தடுப்புக்கு உருண்டு போகுது. அந்த வேறொரு ஆள் அங்கே இல்லாதபடியால் நீங்கள் ஒப்பிட ஒன்றும் இல்லை. நல்ல ஹிட் எண்டு சொல்லிவிட்டு அடுத்த பந்தைப் பார்ப்பீர்கள். இருபது வருசம் பார்த்தாலும் இந்தக் கண்ணால் இதைப் பிடிக்க ஏலாது. அது உங்கட பிழை இல்லை.

கண்ணுக்குத் தெரிந்தவை மட்டும் மனசில் நிற்கும். அந்த ஓக்லண்ட் தட்டு. 2004 ஜூலை 1 அன்று பொஸ்டன் ரெட் சொக்ஸுக்கு எதிராக 12 ஆவது இனிங்ஸில் ட்ரொட் நிக்சன் தூக்கி அடித்ததைப் பிடித்து, ஓடின வேகத்தில் பார்வையாளர் இருக்கைகளுக்குள் தலைகீழாக விழுந்து, இரத்தம் வழிந்த முகத்தோடு எழும்பி வந்தது. பிறகு, வலதுபக்கம் ஆழத்துக்கு ஓடிப் பந்தை எடுத்து, அந்தரத்தில் துள்ளித் திரும்பி முதலாம் பேஸுக்கு எறிகிற அவருடைய முத்திரை எறிதல். அது அழகுதான். நானும் நூறு தடவை பார்த்திருப்பேன். ஆனால் கொஞ்சம் யோசியுங்கோ: அரைச் செக்கன் முந்தி வந்து சேர்கிற ஒருத்தர் ஏன் துள்ளவேண்டும்? காலை ஊன்றி நின்று சாதாரணமாக எறிவாரே. அது பார்க்க ஒன்றுமில்லாத பந்து மாதிரி இருக்கும். யாரும் அதை வெட்டி யூடியூப்பில் போடமாட்டார்கள். பிந்தி வந்தவரின் எறிதல்தான் எங்களுக்குப் புதினமாகத் தெரிகிறது.

“அப்ப அஞ்சு கோல்ட் குளவ் விருது சும்மாவா குடுத்தவை?” என்பது அண்ணாவின் அடுத்த கேள்வி. 2004, 2005, 2006, 2009, 2010 ஆகிய வருடங்களில் ஜீற்றர் அந்த விருதை வாங்கினார் என்பது உண்மை. அப்போது அதை முடிவுசெய்தது அணி முகாமையாளர்களும் பயிற்சியாளர்களும் போட்ட வாக்கு. சொந்த அணி வீரருக்கு வாக்களிக்க ஏலாது. ஆகவே ஜீற்றரைத் தினமும் பார்த்தவர்கள் அவருக்கு வாக்களிக்கவில்லை. வேறு பிரிவில் இருக்கிற ஒரு அணி வருடத்தில் ஆறிலிருந்து பத்துத் தடவை வரைதான் யாங்கீஸோடு மோதும். ஐந்து போட்டிக்கு ஒரு பந்து என்ற கணக்கில் அவர்கள் பார்த்திருக்கக்கூடியது ஒன்றோ இரண்டோ. மிச்சத்தைப் பெயரும் துடுப்பாட்டமும் பழைய வீடியோவும் நிரப்பியிருக்கும். இது என் கற்பனை இல்லை. 1999 இல் முதலாம் பேஸுக்கான கோல்ட் குளவ் விருதை ரஃபேல் பல்மேரோவுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பருவத்தில் அவர் அந்த இடத்தில் விளையாடினது 28 போட்டிகள் மட்டும்! மிச்சப் போட்டிகளில் பெரும்பாலும் துடுப்பெடுத்தாட மட்டும்தான் வந்தார். 2013 இலிருந்து இந்த விருதுக்கு நாலில் ஒரு பங்கு அளவுக்குப் புள்ளிவிபரங்களையும் சேர்க்கிறார்கள். வாக்கு மட்டும் காணாதென்று அவர்களுக்கே விளங்கியிருக்கு.

இனி எதிர்வாதங்கள். நியாயமானவையும் இருக்கின்றன, அவற்றை ஒளிக்க விருப்பமில்லை.

ஒன்று, களத்தடுப்பு எண்கள் துடுப்பாட்ட எண்கள் மாதிரி உறுதியானவை அல்ல. பேஸ்போல் ரெஃபரன்ஸ் தளத்தின் கணக்கில் ஜீற்றர் வாழ்நாளில் சராசரியைவிட 240 க்கும் மேற்பட்ட ஓட்டங்களைக் களத்தடுப்பில் இழந்திருக்கிறார். அங்கே உள்ள வீரர்களிலேயே மிகக் குறைந்த எண்களில் ஒன்று அது. யூஇஸட்ஆர் என்ற இன்னொரு முறை அவ்வளவு கடுமையாக இல்லை. ஒவ்வொரு பந்தின் வேகத்தையும் கருவி வைத்து அளக்கிற ஸ்டாட்காஸ்ட் எல்லா மைதானங்களுக்கும் வந்தது 2015 இல், அவர் ஓய்வுபெற்ற பிறகு. ஆகவே எவ்வளவு மோசம் என்பதில் சந்தேகம் இருக்கலாம், ஏற்கிறேன். ஆனால் அவர் சராசரிக்கு மேல் என்று வாழ்நாள் கணக்கில் சொல்கிற முக்கியமான முறை ஒன்றும் இல்லை. ஐந்து மணிக்கூடுகள் ஐந்து நேரம் காட்டினாலும், எல்லாம் மத்தியானம் தாண்டிவிட்டதென்றால் மத்தியானம் தாண்டிவிட்டதுதான்.

இரண்டு, அந்த ஓக்லண்ட் தட்டை எந்த எண் அளக்கும்? உண்மையைச் சொன்னால் ஒழுங்காக அளக்காது. எங்கே நிற்கவேண்டும் என்று யோசிக்கிற மூளை, பதறாத தன்மை, 40 வயதுவரை அந்த இடத்தில் நின்ற உழைப்பு, இதெல்லாம் ஜீற்றரிடம் இருந்தது. 2009 இல் அவருடைய களத்தடுப்பு எண்கள் சராசரிக்கு மேல் ஏறின, அதுவும் 35 வயதில். அந்த வருடத்து விருதில் எனக்குப் பெரிய முறைப்பாடு இல்லை. ஆனால் ஒரு மறக்க ஏலாத பந்து, மறந்துபோன நூற்றுக்கணக்கான பந்துகளை இல்லை என்று ஆக்கிவிடாது.

மூன்று, “அஞ்சு கோப்பை வெண்டவை. பிறகென்ன?” வென்றார்கள்தான். அவருடைய துடுப்பு அவர் கையுறை இழந்ததைவிட அதிகம் தந்தது. பேஸ்போலில் பத்து ஓட்டம் ஏறக்குறைய ஒரு வெற்றிக்குச் சமம் என்பார்கள். களத்தடுப்பில் போனது வருடத்துக்கு ஒரு வெற்றி சொச்சம். அதையெல்லாம் கழித்த பிறகும் அதே தளத்தின் மொத்த மதிப்பீட்டில் வாழ்நாளில் 70 வெற்றிகளுக்கு மேல் அவர் பெயரில் நிற்கிறது. ஹோல் ஒஃப் ஃபேமுக்கு அது தாராளம். நல்ல வீரரா என்ற கேள்வியையும் நல்ல களத்தடுப்பாளரா என்ற கேள்வியையும் நாங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். முதலாவதுக்கு ஆம் என்று சொல்ல இரண்டாவதுக்கும் ஆம் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை.

பிறகு ஏன் இவ்வளவு பிடிவாதம், ஓய்வுபெற்ற ஒருத்தரை விட்டுவிடலாமே எண்டு கேட்பீர்கள். புகழ் சும்மா காற்றில் இருந்து வருவதில்லை, யாரோ ஒருத்தரின் பங்கைத் தின்றுதான் வளர்கிறது. எட்டாமல் போன ஒவ்வொரு பந்தும் யாங்கீஸ் பிட்சர்களின் கணக்கில் ஏறியது. தாய்வானிலிருந்து வந்த சியென்-மிங் வாங் தரைப்பந்துகளை நம்பியே எறிந்தவர், பின்னுக்கு நின்றவர் ஜீற்றர். 2004 இல் யாங்கீஸுக்கு அலெக்ஸ் ரொட்ரிகஸ் வந்தார். அதற்கு முந்திய இரண்டு வருடமும் ஷோர்ட்ஸ்டொப்பில் கோல்ட் குளவ் வாங்கினவர் அவர். இடம் மாறி மூன்றாம் பேஸுக்குப் போனது ரொட்ரிகஸ், ஜீற்றர் அல்ல. அந்த வருடமே ஜீற்றருக்கு முதலாவது கோல்ட் குளவ் கிடைத்தது. அடம் எவரெட்? துடுப்பாட்டச் சராசரி .240 அளவில் இருந்தபடியால் ஒரு கோல்ட் குளவ் விருதும் இல்லாமலே ஓய்வுபெற்றார். இருவரும் வேறு வேறு லீக் என்பதால் எவரெட்டின் விருதை ஜீற்றர் பறித்தார் என்று சொல்ல ஏலாது. ஆனால் இருவரையும் அளந்தது ஒரே கண்தான்.

எங்கட வரலாற்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிற ஒன்று இருக்கு: பதிவேட்டில் இல்லை என்றால் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை, யார் என்னத்தைப் பதிந்தார்கள் என்று முதலில் கேள். கலைப்பீடத்தில் இருக்கிற எனக்கு எண்கள் என்றாலே கொஞ்சம் பயம். எண்கள் மனிசரைச் சுருக்கிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த விஷயத்தில் தலைகீழாக நடந்தது. வீடியோத் துண்டுகள்தான் ஆட்களைச் சுருக்கின. காலை ஊன்றி அமைதியாக எறிந்த எவரெட்டை எனக்குக் காட்டினது, யாரோ பொறுமையாக இருந்து எண்ணின எண்கள்.

இதையெல்லாம் எழுதி முடித்து அண்ணாவுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு வீடியோ வந்தது. அந்த ஓக்லண்ட் தட்டுத்தான், திரும்பவும். கீழே, “சரி பிள்ளை, அஞ்சு மட்ச்சுக்கு ஒரு பந்து. ஆனா இந்தப் பந்தை உன்ர எவரெட் எடுத்திருப்பானோ?”

எடுத்திருக்கமாட்டார் என்றுதான் நானும் நினைக்கிறேன். அதை அண்ணாவுக்கு எழுதியும் விட்டேன். மற்றப் பந்துகளைப் பற்றி அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.